ஸ்கூலுக்குப் போன பிள்ளை பத்திரமா? ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு சோகக் கதை!

சென்னை,

மாலை மணி 4½. தெருமுனையில் தாய்மார்கள் கூட்டம். "வேன் இன்னும் வரலியே!" என்று ஒருத்தி பதறுவாள். "டிராபிக்கா இருக்கும், வந்துடும்" என்று இன்னொருத்தி சமாதானம் சொல்வாள். மஞ்சள் வண்டி தெருவுக்குள் திரும்பிய பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

சென்னையில் எந்தத் தெருவிலும் தினமும் நடக்கும் காட்சி இது. காலையில் அனுப்பிய பிள்ளை திரும்பி வர 8 மணி நேரம் ஆகிறது. அந்த 8 மணி நேரமும் பள்ளிக்கூடம்தான் பிள்ளைக்குத் தாய், தகப்பன் எல்லாம்.

பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடங்களுக்கு எத்தனையோ விதிகள் இருக்கின்றன. பஸ்சுக்கு ஒரு விதி, கூரைக்கு ஒரு விதி, பிரம்புக்கு ஒரு விதி. அவை வந்த கதையைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு பதறும். பாதிக்கு மேல் பிணம் விழுந்த பிறகு வந்தவை!

பஸ்சில் ஓட்டை

2012–ம் ஆண்டு ஜூலை 25. தாம்பரம் அருகே மாலை நேரம். 2–ம் வகுப்பு படித்த சிறுமி பள்ளிக்கூட பஸ்சில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பஸ்சின் தளத்தில் ஒரு ஓட்டை. அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பலகை விலகியது. சிறுமி ஓட்டை வழியே ரோட்டில் விழுந்தாள். பின்சக்கரம் ஏறியது. அந்தப் பச்சைக் குழந்தை அங்கேயே பலி!

ஆத்திரம் அடைந்த மக்கள் பஸ்சுக்குத் தீ வைத்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பஸ்சுக்கு "ஓடத் தகுதியானது" என்று சான்று கொடுக்கப்பட்டிருந்தது என்ற செய்தி வந்ததும் கொதிப்பு இன்னும் கூடியது. ஐகோர்ட்டு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அதே ஆண்டில் பள்ளிக்கூட பஸ்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. வண்டி மஞ்சள் நிறத்தில் இருக்கவேண்டும். பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் ஒருவர் கட்டாயம். அவசர வழி, தீயணைப்பான், முதல் உதவிப் பெட்டி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி எல்லாம் வேண்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு மைதானத்தில் பஸ்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிச் சோதனை போடுவது அதனால்தான்.

அதோடு முடிந்ததா? இல்லை. 2022 மார்ச்சில் சென்னையில் 2–ம் வகுப்பு சிறுவன் ஒருவன் பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளேயே வேன் ஏறிச் செத்தான். வண்டிக்கு முன்னும் பின்னும் காமிரா, பின்னால் ஆள் நின்றால் எச்சரிக்கும் கருவி கட்டாயம் என்ற விதி அந்த ஆண்டுதான் சேர்க்கப்பட்டது.

கும்பகோணம்

கும்பகோணம் தீ விபத்தை மறக்கமுடியுமா? 2004–ம் ஆண்டு ஜூலை 16, ஆடி வெள்ளிக்கிழமை. சத்துணவு சமைத்துக்கொண்டிருந்த இடத்தில் தீ பிடித்தது. ஓலைக் கூரையில் ஏறியது. மாடி வகுப்பில் இருந்த குழந்தைகளின் தலைமேல் எரியும் கூரை விழுந்தது. இறங்கி ஓட வழி குறுகல். 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். அந்த ஊரில் அழாத வீடு இல்லை.

சமையல் அடுப்பும் ஓலைக் கூரையும் குறுகலான படியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாதா? தெரியும். ஆனாலும் யாரும் அதைக் கேட்கவில்லை.

கும்பகோணத்துக்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் ஓலைக் கூரைகளைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. 2009–ம் ஆண்டு ஏப்ரல் 13–ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. படிக்கும் உரிமை என்றால் பத்திரமான இடத்தில் படிக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது. தீயணைப்புக் கருவி இல்லாத, அவசர வழி இல்லாத கட்டிடத்தில் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது என்பது அதன் சாரம்.

நெல்லையில் 2021–ம் ஆண்டு டிசம்பர் 17–ந் தேதி இன்னொரு பயங்கரம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிர் இழந்தார்கள். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக்கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது.

பிரம்பும் பிள்ளையும்

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க சார்!"

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பனார்கள் வாத்தியாரிடம் சொல்லும் பழைய வசனம் இது. அடியாத மாடு படியாது என்று பழமொழி வேறு!

அந்தக் காலம் மலையேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அடிப்பதற்குத் தமிழ்நாட்டில் 2003–ம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. 2010–ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் இதையே சொல்கிறது. அந்தச் சட்டத்தின் 17–வது பிரிவுப்படி, உடம்பில் அடிப்பது மட்டும் குற்றம் இல்லை. மனம் நோகப் பேசுவதும் குற்றம். மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை பாயும். வெயிலில் நிறுத்துவது, முட்டி போட வைப்பது, சாதி சொல்லித் திட்டுவது, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்துவது எதுவுமே கூடாது. அடி, உதையை ஒழிப்பதற்கான வழிமுறைகளைப் பள்ளிக்கூடங்களில் கண்டிப்பாக அமல்படுத்துங்கள் என்று 2024 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

"அடிக்கவும் கூடாது, அதட்டவும் கூடாதுன்னா 40 பசங்களை எப்படிக் கட்டி மேய்க்கிறது?" என்று ஆசிரியர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2012 பிப்ரவரி 9–ந் தேதி சென்னை பாரிமுனைப் பகுதியில் 9–ம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். மாணவன் சரியாகப் படிக்கவில்லை என்று ஆசிரியை வீட்டுக்கு எழுதி அனுப்பியதே காரணம் என்று கூறப்பட்டது. தமிழ்நாடே உறைந்துபோனது. 15 வயதுப் பையன் மனதில் அவ்வளவு வன்மம் குமுறியதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. அதன் பிறகு மனோதத்துவ ஆலோசகர்கள் வண்டியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மாணவர்களிடம் பேசும் ஏற்பாடும் வந்தது.

அடிக்காமல் அடக்குவது எப்படி?

பிரம்பைக் கீழே போட்ட ஆசிரியர் கையில் வேறு ஆயுதங்கள் இருக்கின்றன. அனுபவப்பட்ட ஆசிரியர்கள் கடைப்பிடிக்கும் வழிகள் எளிமையானவை.

வருடத் தொடக்கத்திலேயே நாலு அல்லது ஐந்து விதிகளை மாணவர்களோடு சேர்ந்து பேசி முடிவு செய்வது. "சத்தம் போடாதே" என்பதை விட "கை தூக்கிவிட்டுப் பேசு" என்று செய்யவேண்டியதைச் சொல்வது. தப்பு செய்தவனை எல்லோர் முன்னிலும் திட்டாமல், தனியே கூப்பிட்டு "என்னடா ஆச்சு?" என்று கேட்பது. கடைசி பெஞ்சில் வம்பு செய்யும் பையனிடம் கரும்பலகை துடைக்கும் பொறுப்பையோ, விளையாட்டுச் சாமான் அறைச் சாவியையோ ஒப்படைப்பது. நல்லது செய்தால் அப்போதே, அது என்ன என்று குறிப்பிட்டுப் பாராட்டுவது.

பிரம்படி வாங்கிய பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? அடுத்த தடவை மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைத்தான்! பலம் உள்ளவன் அடிக்கலாம் என்ற பாடமும் கூடவே ஏறுகிறது. அந்தப் பாடத்தை அவன் மைதானத்தில் தன்னைவிடச் சின்னப் பையனிடம் காட்டுகிறான்.

வகுப்பில் ஒருவன் திடீரென்று முரண்டு பிடித்தால் அதற்கு வீட்டில் காரணம் இருக்கலாம். குடிகாரத் தகப்பன் இருக்கலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கலாம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த ஊர் நூறு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1920–ம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். காமராஜர் 1956–ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982–ல் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15–ந் தேதி 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்தது.

கையில் கலர் கயிறு

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு 9–ந் தேதி நடந்தது என்ன? பிளஸ்–2 படிக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை அதே பள்ளியில் படிக்கும் மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதித் திமிர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தது அம்பலமானது.

ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு அணியக்கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருந்தால் நீக்கவேண்டும், மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்று அவர் சிபாரிசு செய்தார்.

பூட்டிய பெட்டி

எல்லாவற்றையும் விடக் கொடுமை, குழந்தை வெளியே சொல்லமுடியாத கொடுமை. பாலியல் தொல்லையை ஒரு குழந்தை சொன்னால், "சத்தம் போடாதே, ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்று வாயைப் பொத்துவது பழைய வழக்கம். இப்போது அப்படிப் பொத்துகிறவரே குற்றவாளி!

2012 நவம்பர் 14–ந் தேதி அமலுக்கு வந்த போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில், அபராதமும் உண்டு.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் குழந்தையை இழுத்துக்கொண்டு அலையவேண்டுமே என்று பெற்றோர் பயப்படத் தேவை இல்லை. குழந்தையின் வீட்டிலோ, அதற்குப் பிடித்த இடத்திலோ வைத்துத்தான் வாக்குமூலம் வாங்கவேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரி வாங்கவேண்டும். வருகிற போலீசார் யூனிபாரத்தில் இருக்கக்கூடாது. குழந்தையின் பெயரோ பள்ளியின் பெயரோ பத்திரிகையில் வரக்கூடாது.

2021–ல் சென்னையில் அடுத்தடுத்துப் புகார்கள் வெடித்த பிறகு, பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுக்கள் அமைக்க அரசு உத்தரவிட்டது. அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்ற பெட்டி வந்தது. நேரில் சொல்லத் தயங்கும் பிள்ளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். பெட்டி தொங்கினால் மட்டும் போதாது. திறந்து படித்து நடவடிக்கை எடுத்தால்தான் அடுத்த சீட்டு விழும். தூசி படிந்த பெட்டியில் எந்தப் பிள்ளையும் மனசைப் போடாது.

போன் வசதி இருந்தால் 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை எந்த நேரமும் அழைக்கலாம். காசு கிடையாது. பள்ளிக்கல்வி சம்பந்தமான புகாருக்கும் ஆலோசனைக்கும் 14417.

பெற்றோர் கேட்கவேண்டியவை

அதிகாரி வருடத்துக்கு ஒரு தடவை வருவார். பெற்றோர் தினமும் வருகிறார்கள். ஆகவே காவல்காரர் அவர்களே! அரசுப் பள்ளியாக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகவே இருக்கவேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்பது உரிமை.

* பஸ்சில் உதவியாளர் இருக்கிறாரா? பிள்ளை இறங்கியதும் வண்டியைச் சுற்றிப் பார்த்த பிறகு எடுக்கிறார்களா? ஒரு நாள் நீங்களே பஸ்சில் ஏறித் தளத்தைப் பாருங்கள்.

* வண்டி ஷேர் ஆட்டோவாக இருந்தால் எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார்கள்?

* மாடியில் இருந்து இறங்க எத்தனை படிக்கட்டு? வழியில் பழைய பெஞ்சு அடுக்கி மறித்திருக்கிறார்களா?

* தீயணைப்பான் சிலிண்டரில் எழுதியிருக்கும் தேதி முடிந்துவிட்டதா? அதை இயக்கத் தெரிந்த ஆசிரியர் யார்?

* கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வரும் பெண் குழந்தைகள் உண்டு.

* புகார் பெட்டி எங்கே? கடைசியாக எப்போது திறந்தார்கள்?

இதைக் கேட்டால் "பிள்ளை மேல வஞ்சம் வைப்பாங்களோ" என்று பயம் வரும். தனியாகக் கேட்கவேண்டாம். தெருவில் வேனுக்குக் காத்திருக்கிறார்களே, அந்த நாலு தாய்மார்களும் சேர்ந்து போகலாம். நாலு பேராகப் போனால் எந்தப் பள்ளிக்கூடமும் நாற்காலி போட்டுப் பேசும்.

தாம்பரம் பஸ்சில் அந்த ஓட்டை ஒரே நாளில் விழுந்தது அல்ல. தினமும் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் உட்கார்ந்தார்கள். கும்பகோணத்தில் ஓலைக் கூரையும் அடுப்பும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தன. பார்த்தவர்கள் இருந்தார்கள். கேட்டவர்கள்தான் இல்லை.

இன்று மாலை வேன் வந்து பிள்ளை இறங்கியதும் "எத்தனை மார்க்?" கொஞ்சம் காத்திருக்கட்டும். "பஸ்ல எங்கே உட்கார்ந்தே? யார் கூட விளையாடினே? யாராச்சும் உன்னை அழ வெச்சாங்களா?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள்.