தேக்கு எழுதிய மழைக் கணக்கு

முதுமலைக் காட்டில், மோயாற்றங்கரையிலுள்ள தெப்பக்காட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் யானை முகாமைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அங்கு நிற்கும் தேக்கு மரங்களை நின்று நோக்குவோர் குறைவு. சென்றுபோன மழைக்காலங்களின் கணக்கை வல்ல இறைவன் அம்மரங்களின் உடலுக்குள்ளேயே பதியச் செய்திருக்கின்றான்.

வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிவதில்லை. தேக்கு அதற்கு விலக்கு. கோடையில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்தும் தேக்கு, மழை தொடங்கியதும் பெருந்துளைகள் கொண்ட புதிய பகுதியையும், பின்னர் அடர்ந்த பகுதியையும் உருவாக்குகிறது. இரண்டும் சேர்ந்ததே ஓராண்டு வளையம். மழை செழித்தால் அது அகலும், பொய்த்தால் குறுகும். ஆயினும் குறுகிய வளையம் யாவும் வறட்சிக்குச் சான்றாகிவிடாது. காட்டுத்தீயும், இலைதின்னும் புழுவும், பட்டையுரிக்கும் யானையும்கூட வளர்ச்சியைத் தடுக்கும். எனவே பல மரங்களிலிருந்து எழுதுகோல் பருமனில் துண்டுகளைத் துளைத்தெடுத்து, வளைய வரிசைகளை ஒப்புநோக்குகின்றனர். ஒரே செய்தியைப் பல அறிவிப்பாளர் வழியாகச் சரிபார்க்கும் ஹதீஸ் கலையைப் பயின்றோருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது!

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார், கேரளத் தேக்குகளைக் கொண்டு 1481 முதல் 2003 வரையிலான 523 ஆண்டுகளின் வளைய வரலாற்றை அமைத்து 2010இல் வெளியிட்டனர். பருவமழை குன்றிய ஆண்டுகளில் வளையம் குறுகியிருப்பதும், அவற்றுள் பல, பசிபிக் கடல்நீர் மிகுந்து வெப்பமடையும் ‘எல் நினோ’ ஆண்டுகளாய் இருப்பதும் அதில் புலனாயின.

அதே ஆண்டு அமெரிக்க அறிஞர் எட்வர்ட் குக் குழுவினர், ஆசியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைத் தொகுத்து வறட்சி வரைபடங்களை வெளியிட்டனர். தென்னிந்தியாவில் அரைக் கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தாது வருடப் பஞ்சத்தின் (1876-78) வறட்சி அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. அதற்கும் முன்னர், 1756 முதல் 1768 வரை நீடித்த வறட்சியொன்றும் தெரிகிறது. யூசுஃப் (அலை) அவர்கள் காலத்து ஏழாண்டுப் பஞ்சத்தின் வரலாற்றை ஓதும் நமக்கு இது வியப்பன்று. ஆனால் நம் மழைமானிக் குறிப்புகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு அப்பால் செல்வதில்லை. அவற்றை மட்டுமே நம்பி ஏரியும் அணையும் திட்டமிடுவோர், அத்தகைய நீண்ட வறட்சியைக் கணக்கில் கொள்ளத் தவறலாம்.

இவ்வாய்வுக்கு முதிய மரங்கள் இன்றியமையாதவை. மலபார்த் தேக்கோ கப்பல் கட்டுவதற்கே பெருமளவில் வெட்டப்பட்டுவிட்டது. 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கப்பட்டதும் அக்குறையை ஈடுகட்டவே. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் 50 ஹெக்டேர் பரப்பை வரையறுத்து, மரங்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் இறப்பையும் தொடர்ந்து குறித்து வந்துள்ளனர். அங்கு எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. அளவு நாடாவே போதும்.