குடியம் காட்டில் ஒரு நாள்

எங்கள் ஊர் அம்மையார்குப்பத்தில் அமைதி என்பது மின்தடை ஏற்படும்போது மட்டும் கிடைக்கும் பொருள். விசைத்தறிகள் ஓடும் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'டக்கு டக்கு' என்னும் தறியோசைக்கு நடுவேதான் பாடம் படிப்போம், உறங்குவோம், ஒருவரையொருவர் கூப்பிடுவோம். அதனால் எங்களுக்கு மெல்லப் பேசவும் வராது. வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள், "ஏம்மா சண்டை போடுகிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. நாங்கள் சண்டை போடவில்லை. சாப்பிட்டீர்களா என்றுதான் விசாரித்துக்கொண்டிருப்போம்!

இப்படிப்பட்ட எங்களை, ஓசையே எழுப்பக் கூடாத ஓர் இடத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று எங்கள் ஆசிரியைக்கு எப்படித்தான் தோன்றியதோ தெரியவில்லை. ஆங்கிலப் பாடத்தில் இங்கிலாந்து நாட்டின் காடொன்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். ஓங்கிய ஓக் மரங்கள், அவற்றின் அடியில் வசந்த காலத்தில் நீலக் கம்பளம் விரித்தாற்போல் பூக்கும் 'புளூபெல்' மலர்கள், காட்டைச் சுற்றிப் பசும்புல் வெளிகள். "நமக்கு இப்படி ஒரு காடு இல்லையே, டீச்சர்!" என்று எங்களில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது" என்றார் ஆசிரியை. அப்படி உருவானதுதான் எங்கள் குடியம் பயணம்.

வனத்துறையின் அனுமதி பெற்று, பிப்ரவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். புறப்படுமுன் ஆசிரியை இட்ட கட்டளைகள் எங்களைத் திகைக்க வைத்தன. மல்லிகைப்பூ கூடாது. வாசனைப் பவுடர் கூடாது. பாட்டு, கைதட்டல் எதுவும் காட்டுக்குள் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் பேருந்து பூண்டியை அடைந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் நீர் நிறைந்திருந்த அந்த ஏரியைக் கண்டதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் இது. சென்னை மாநகராட்சியின் மேயராக இருந்து இத்திட்டத்திற்காக உழைத்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் 'சத்தியமூர்த்தி சாகர்' என்று அழைக்கப்படுகிறது. அணை முடிவதைக் காண அவர் உயிரோடில்லை, 1943-இல் மறைந்தார். 1996 முதல் ஆந்திரத்திலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் இங்கே வந்து சேர்கிறது. எங்களுக்கு வியப்பளித்தது இன்னொன்று. கொசத்தலை எங்களுக்கு அந்நிய ஆறு அல்லவே! பள்ளிப்பட்டுப் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடந்து, மழைக்காலத்தில் மட்டும் பாலத்தைத் தொட்டு ஓடுமே, அதே ஆறுதான். நகரியாற்றையும் சேர்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்து, இங்கே சென்னைக்குக் குடிநீராக நிற்கிறது.

பூண்டியில் தொல்லியல் துறையினர் 1985-இல் அமைத்த அருங்காட்சியகத்தை விரைவாகப் பார்த்துவிட்டுக் குடியம் சிற்றூரை அடைந்தோம். வயல்கள், மாந்தோப்புகள், ஒரு சிறு குளம், அதற்கு மேல் அல்லிக்குழி மலைத்தொடர். மலை என்று பெயரே தவிர உயரம் அதிகமில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்ட முன்வந்தார். "சத்தம் போடாமல் வருவீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நாங்கள் "வருவோம்!" என்று உரத்த குரலில் ஒருமித்துச் சொன்னதைக் கேட்டு அவர் கவலைப்பட்டதை முகத்திலேயே கண்டோம்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலான நடை. முதலில் எங்களுக்கு ஏமாற்றமே. ஓங்கிய மரங்கள் எங்கே? நிழற்பாதை எங்கே? இடுப்பளவும் தலையளவும் உயர்ந்த புதர்கள்: களா, காரை, சூரை முள், விராலி, ஈச்சம், ஆங்காங்கே வெட்பாலையும் உசிலும். தாவணி முள்ளில் மாட்டிக்கொள்ள, கூழாங்கல் பாதையில் இருவருடைய செருப்பு அறுந்தேபோனது. "இதைப் போய்க் காடு என்கிறீர்களே!" என்று முணுமுணுத்தோம். ஆசிரியை அங்கேயே ஒரு மரத்தடியில் எங்களை உட்கார வைத்துப் பாடம் தொடங்கிவிட்டார்.

"இங்கிலாந்தில் மாதந்தோறும் மழை தூறும். குளிர்காலத்தில் மரம் இலை உதிர்க்கும். வசந்தத்தில் புதிய இலை வந்து நிழல் மூடுவதற்குள், தரையில் விழும் வெயிலைப் பயன்படுத்திக்கொண்டு புளூபெல் அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடும். இங்கே நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை வைத்துக்கொண்டு பல மாத வெயிலைத் தாங்கவேண்டும். இந்த இலையைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டோம். சிறியது, தடிப்பானது, மெழுகு பூசியதுபோல் வழவழப்பானது. நீர் ஆவியாகி வீணாகாமல் காப்பதற்காகவே அப்படி. இத்தகைய மரங்கள் கடும் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நிலப்பகுதிக்கே உரிய 'உலர் பசுமைமாறாக் காடு' என்பது இந்த வகைதான். ஆனால் புதர்க்காடு என்றும் புறம்போக்கு என்றும் நினைத்து வெட்டி அழித்ததில் அது இப்போது துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. ஓங்கி வளராததால் மதிப்பில்லாமல் போய்விட்டது போலும்! இப்புதர்களின் சருகு மெத்தையில் விழுகிற மழை உடனே ஓடிவிடாமல் சரளைக்குள் இறங்கி, ஓடைகளில் மெல்லக் கசிந்து கொசத்தலைக்குப் போகிறது. புதர் இல்லாத மொட்டை மலையில் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு போய் ஏரியைத் தூர்த்துவிடும்.

அப்போது பெரியவர் பக்கத்தில் இருந்த ஒரு குட்டை மரத்தைக் காட்டினார். "இது காசா மரம். வெயில் காலத்தில் வந்து பாருங்கள், கிளையே தெரியாமல் நீலமாய்ப் பூத்திருக்கும்" என்றார். தமிழாசிரியை உடன் வந்திருந்தார். அவர் முகம் மலர்ந்தது. சங்க இலக்கியம் 'காயா' என்று சொல்வது இதைத்தான், திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் உவமையாக்கிய பூ இதுதான் என்றார். ஆங்கிலக் காட்டின் நீலம் தரையில். எங்கள் காட்டின் நீலம் கிளையில்! இதையும் கேளுங்கள்: செயற்கைச் சாயம் வருமுன் சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் சாயவேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள். அந்தச் சிவப்பு நூலைப் பற்றிக்கொண்டு வெளுக்காமல் நிற்க உதவியவற்றுள் இந்தக் காசா இலையும் ஒன்று. மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்து வைக்கும் இயல்பு இம்மரத்துக்கு உண்டு. படிகாரம் செய்கிற வேலையை அதுவே செய்துவிடும். கோரைப் பாய்க்குச் சிவப்பேற்றவும் இதைப் பயன்படுத்தினார்கள். 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அந்தச் சிவப்பை ஆய்வுக்கூடத்திலேயே செய்யக் கற்ற பின், சாயவேரும் காசா இலையும் கேட்பாரற்றுப் போயின. நெசவாளர் வீட்டுப் பெண்களான எங்களுக்கு அந்த மரத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை! பெரியவர் கீழே உதிர்ந்திருந்த இரண்டு மூன்று இலைகளை எடுத்துக் கொடுத்தார்.

அங்கிருந்து நடந்தபோது எவரும் முணுமுணுக்கவில்லை. மேலும் ஒன்றைக் கவனித்தோம். முதலில் எங்கள் காதுகளில் தறியோசை போன்ற ஓர் இரைச்சல் நிறைந்திருந்தது. வெகு நேரம் கழித்தே அது அடங்கியது. அடங்கியதும், அதுவரை கேளாத பலவும் கேட்கத் தொடங்கின. தவிட்டுக்குருவிகளின் சளசளப்பு (அவையும் எங்கள் ஊர்க்காரர்கள்தான் போலும்), எங்கோ புதருக்குள் செம்போத்தின் ஆழ்ந்த குரல், சருகின் மீது ஓணான் ஓடும் ஓசை.

பாதை சட்டென்று திரும்பியது. மலை வாயைத் திறந்ததுபோல் முன்னால் ஒரு மாபெரும் பாறைக் குடைவு. அண்ணாந்து பார்த்தோம். விதானம் முழுவதும் கூழாங்கற்கள்! கோழிமுட்டையளவு, தேங்காயளவு உருண்டைக் கற்களைச் சாந்தில் புதைத்தாற்போல் இருக்கிறது அப்பாறை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வெள்ளம் உருட்டி வந்து குவித்த கற்கள் இறுகிப் பாறையானவை. அந்த விதானத்திலிருந்து கரிய பெரிய தேனடைகள் வரிசையாகத் தொங்கின. பாறைத்தேனீக்கள். மல்லிகைக்கும் பவுடருக்கும் பாட்டுக்கும் தடை ஏன் என்று அப்போது எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கடும் வாசனை, புகை, கூச்சல் எதுவும் அவற்றைச் சினமூட்டும். சினந்தால் கூட்டமாக வந்து கொட்டும். நாற்பது பேர், ஊரார் வழிபடும் சிறு அம்மன் சந்நிதிக்குப் பக்கத்தில், அரை மணி நேரம் சாடையிலேயே பேசிக்கொண்டோம்! எங்கள் வாழ்நாளில் இது முதல்முறை.

இவ்விடத்தில் மனிதர் நடமாடியது நேற்று இன்றல்ல. 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் முதலில் பல்லாவரத்திலும், சில மாதங்களில் வில்லியம் கிங்குடன் இங்கே அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால வரலாறு அங்கிருந்தே எழுதத் தொடங்கப்பட்டது. 1960-களில் இக்குடியம் குகைப் பகுதியையும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வின் முடிவு 2011-இல் வெளியானது: அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். இங்கிலாந்தில் 1600-ஆம் ஆண்டுக்கு முன்னிருந்து தொடர்ந்து காடாய் இருந்தாலே 'பழங்காடு' என்று போற்றுகிறார்கள் என்று ஆசிரியை பின்பு சொன்னபோது நாங்கள் புன்னகைத்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் ஓர் ஓடையில் எங்கள் தோழி ஒருத்தி ஒரு கல்லை எடுத்தாள். உள்ளங்கையில் சரியாகப் பொருந்தியது. ஒரு விளிம்பு செதுக்கியதுபோல் கூராக இருந்தது. "இதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைப்போமே" என்றாள். எங்களுக்கும் ஆசைதான். அது கருவியா, தானே உடைந்த கல்லா என்று அங்கிருந்த எவராலும் சொல்ல முடியவில்லை. ஆசிரியை அவளைத் திட்டவில்லை. "இது எந்த மண்ணடுக்கில், எந்தக் கற்களோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அறிஞர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். பெட்டியில் வைத்தால் அது வெறும் கல். புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் இது" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, எடுத்த இடத்தை அடையாளம் தேடி, அதே பள்ளத்தில், அதே பக்கமாக வைத்தாள். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதையோரம் எவர் எவரோ விட்டுச்சென்ற பிளாஸ்டிக் புட்டிகளை மட்டும் இரண்டு கோணிப்பைகளில் எடுத்து வந்தோம். அவற்றின் காலத்தைக் கணிக்க அறிஞர் தேவையில்லை.

இரவு எட்டு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். தெருமுனையிலேயே தறியோசை வரவேற்றது. வீட்டில் எங்களில் ஒருத்தி, நோட்டுக்குள் வைத்திருந்த காசா இலையைப் பாட்டியிடம் காட்டினாள். பாட்டிக்குப் பார்வை மங்கல். விரலால் தடவிப் பார்த்தார். "அல்லி ஆகு!" என்றார் தெலுங்கில். தம் மாமியார் அதைப் பாய்ச் சாயத்துக்கு வேகவைப்பாராம். "அந்த மரமெல்லாம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள். "பூத்திருந்ததா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, கோடையில் பூக்குமாம் என்றாள். அந்த இலையைத் திருப்பிக் கொடுக்காமல் தம் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார் பாட்டி.