நெம்புகோல் ரைஃபிளின் தோட்டாக் குழாய்

அமெரிக்காவில் 1860-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற ஹென்றி ரைஃபிளில், விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றும்போதெல்லாம், சுடுகுழலின் அடியில் நீண்டிருந்த குழாயிலிருந்து சுருள்வில் தள்ளிய தோட்டா ஒன்று சுடும் அறைக்குச் சென்றது. அக்குழாயின் அடிப்புறம் நெடுகத் திறந்திருந்ததால் மண் எளிதில் புகுந்தது. 1866-இல் வந்த வின்செஸ்டர் ரைஃபிள், குழாயை மூடி, நெல்சன் கிங் வடிவமைத்த பக்கவாட்டுத் திறப்பின் வழியே தோட்டாக்களை ஏற்றச் செய்து இக்குறையைத் தீர்த்தது.

ஆயினும் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசையிலேயே கொடிய ஆபத்து ஒன்று இருந்தது. ஹென்றியின் தோட்டாவில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடித்தட்டின் விளிம்பில் இருந்தது. 1873-ஆம் ஆண்டு வின்செஸ்டருக்கான தோட்டாவிலோ அது பிரைமர் எனப்படும் சிறு மூடிக்குள் அடித்தட்டின் நடுவே அமைந்தமையால், பின்னால் நிற்கும் தோட்டாவின் முனை அந்த மூடியையே தொட நேர்ந்தது. அம்முனை கூர்மையாக இருப்பின், சுடும்போது எழும் பின்னுதைப்பில் அது பிரைமரை ஊசிபோல் குத்தி, சுடுபவரின் கை தாங்கியிருக்கும் குழாய்க்குள்ளேயே தோட்டாவை வெடிக்கச் செய்யக்கூடும். தட்டையான அல்லது மழுங்கிய முனையோ அழுத்தத்தைப் பரப்பி இவ்வாபத்தைப் பெரிதும் குறைக்கிறது. இவ்வகை ரைஃபிள்களுக்கு அத்தகைய குண்டுகளே விதிக்கப்பட்டதன் காரணம் இதுவே.

துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வின்செஸ்டரின் 1895-ஆம் ஆண்டு மாதிரியில் குழாயையே நீக்கி, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை வைத்தார். கூர்முனைக் குண்டுகளுக்கும் இடம் தந்த அந்த ரைஃபிளை முதல் உலகப் போரின்போது ரஷ்யா ஏறத்தாழ 3 லட்சம் வாங்கியது.