பேரப்பிள்ளை மனம் திறந்தால் என்ன சொல்வீர்கள்?



பள்ளியில் மனநலம் பற்றிப் பேசினார்கள் என்று உங்கள் பேரப்பிள்ளை வந்து சொன்னால் பயப்பட வேண்டாம். நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் 'மிண்டா சிஹாட்' எனப்படும் மனநலச் சோதனை நடத்தப்படுகிறது. மாணவர்கள் ஒரு கேள்வித்தாளை நிரப்புவார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் தெரிந்தால் கவுன்சலிங் ஆசிரியர் அவர்களைத் தனியே அழைத்துப் பேசுவார். இது தண்டனை அல்ல. இதன் முடிவு எஸ்.பி.எம். சான்றிதழில் இடம்பெறாது. பள்ளிக்கு வந்து பல்லைப் பரிசோதிப்பது போல, மனத்தையும் பரிசோதிக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஏன் இது தேவை?

2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் இடைநிலைப் பள்ளி மாணவர்களுள் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்கள் 9.5 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 10 பேரில் ஒருவர். 2017இல் இது 6.9 விழுக்காடாக இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் புகுமுக வகுப்பிலோ படிவம் 1இலோ சேரும்போது பாடமொழி மாறுகிறது, பழைய நண்பர்கள் பிரிகிறார்கள். அந்த வயதில் அது சிறிய மாற்றம் அல்ல.

சொல்லித் தருவதால் பலன் உண்டா?

உண்டு. ஐரோப்பாவில் 10 நாடுகளைச் சேர்ந்த 168 பள்ளிகளில் 11,000க்கும் அதிகமான மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2015இல் வெளிவந்தது. மாணவர்களில் ஒரு பிரிவினர் மனநலம் பற்றிப் பேசியும் நடித்துப் பார்த்தும் கற்றார்கள். மொத்தமே 5 மணி நேரப் பயிற்சிதான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிட அவர்களிடையே தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாக இருந்தன. நம் நாட்டிலும் 13, 14 வயது மாணவர்களுக்கு மனச்சோர்வு பற்றிப் பாடம் நடத்திச் சோதித்திருக்கிறார்கள். 3 மாதங்களுக்குப் பிறகும் அவர்களுக்கு அதைப் பற்றிய அறிவு கூடியிருந்தது. உதவி கேட்பது பற்றிய எண்ணமும் மேம்பட்டிருந்தது. 2020இல் வெளிவந்த ஆய்வு இது.

அடுத்த பங்கு உங்களுடையது

மனத்தில் உள்ளதைச் சொல்லப் பள்ளி கற்றுத் தருகிறது. சொன்னதைக் கேட்க வீட்டில் ஆள் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ, கிள்ளான் தரைவீடோ, பெற்றோர் வேலைக்குப் போன வீட்டில் பிள்ளை திரும்பி வரும்போது பல நாள் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அது முதலில் உங்களிடம்தான் வாய் திறக்கக்கூடும்.

அப்போது, "தோட்டத்தில நாங்க படாத கஷ்டமா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நீங்கள் பட்ட கஷ்டம் உண்மைதான். ஆனால், அதனால் பிள்ளையின் வலி குறையாது. "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் போகணும்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயர் நம்மவர் பேச்சில் கேலிச்சொல்லாகிவிட்டது. அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வும் நீரிழிவைப் போல ஒரு நோய்தான். அதற்குச் சிகிச்சை உண்டு.

கவனிக்க வேண்டியவை (இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால்):

• தூக்கமின்மை, அல்லது எந்நேரமும் தூக்கம்
• சாப்பாட்டில் நாட்டமின்மை
• நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் விட்டு விலகுதல்
• காரணமில்லாத தலைவலி, வயிற்றுவலி, கோபம்

"நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போன்ற பேச்சை ஒருமுறை கேட்டாலும் உடனே கவனியுங்கள்.

செய்ய வேண்டியவை:

• "என்னய்யா, கொஞ்ச நாளா சோர்வா இருக்கியே, பாட்டிகிட்ட சொல்லு" என்று கேளுங்கள். பிறகு குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.
• சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது.
• உங்கள் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளையும் வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள்.
• பெற்றோரிடம் சொல்லுங்கள். பிள்ளையிடமும் அதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.
• கோயிலுக்கு அழைத்துச் செல்வதில் தவறில்லை. ஆனால், அதற்காகக் கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

எங்கே போவது?

பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியரிடமோ, அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிலோ முதலில் பேசுங்கள். தேவையானால் அவர்கள் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கோலாலம்பூர் மருத்துவமனையிலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

• சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை: 15555
• பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் (24 மணி நேரம்): 03-7627 2929
• தாலியான் காசே: 15999
• உயிருக்கு ஆபத்து என்றால்: 999. உதவி வரும்வரை பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

இந்த எண்களைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். கேட்கத் தயங்கும் பிள்ளையும் அங்கே பார்த்துக்கொள்ளும்.