கோதுமை வேருக்குக் காவற்படை!
மண்ணுக்குள் நடக்கும் அதிசயம்

கோதுமைக்கு ஒரு கொடிய நோய் உண்டு. "டேக் ஆல்" என்று அதற்குப் பெயர். "எல்லாவற்றையும் வாரிக்கொள்வது" என்று பொருள். பெயருக்கு ஏற்ற நோய்தான்!

மண்ணில் இருக்கும் ஒருவகைப் பூசணம் வேரைப் பற்றுகிறது. வேர் கறுத்து அழுகுகிறது. தண்ணீர் மேலே ஏறுவதில்லை. கதிர் முற்றுமுன்பே வெளுத்துவிடும். அறுத்துப் பார்த்தால் பதர்தான் மிஞ்சும்.

ஓராண்டு கோதுமையை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கோ பயறோ போட்டால், பூசணம் இரை இல்லாமல் நலிந்துவிடும். இது உழவர்கள் அறிந்த பழைய வழி. ஆனால் கோதுமையை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் என்ன செய்வது?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் அப்படிப்பட்ட உழவர்கள் பலர். பயிரை மாற்றாமல் கோதுமையே விதைத்தார்கள். சில ஆண்டுகள் நோய் வாட்டி எடுத்தது. பிறகு தானாகவே தணிந்தது! இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் கோதுமை விளையும் ஒரு வயல் இருக்கிறது. அங்கும் இதே அதிசயம்தான்.

காரணம் என்ன? ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் மண்ணை ஆராய்ந்தார்கள். நோய் தணிந்த வயலின் மண்ணில் கொஞ்சம் எடுத்து வேறு மண்ணில் கலந்தார்கள். அங்கும் நோய் குறைந்தது. அந்த மண்ணையே நீராவியில் 60 டிகிரி வரை சூடாக்கிக் கலந்தால் பலன் இல்லை. அப்படியானால் மண்ணைக் காத்தது ஏதோ ஓர் உயிர்!

அதுதான் "சூடோமோனாஸ்" என்ற பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர். கோதுமை வேர் சர்க்கரை முதலியவற்றைக் கசியவிடுகிறது. அதைத் தின்று இது வேரை ஒட்டியே வாழ்கிறது. பூசணத்தை ஒடுக்கும் நஞ்சு ஒன்றையும் சுரக்கிறது. ஒரு கிராம் வேரில் சுமார் 1 லட்சம் பாக்டீரியாக்கள் சேர்ந்துவிட்டால் போதும், பூசணம் அடங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. நோய் வந்த வேர்தான் அதிகமாகக் கசிகிறது. அதனால் நோயே வராத வயலில் இந்தப் படை திரளுவதில்லை. அடி வாங்கிய மண்ணுக்குத்தான் காவல்!

அதுவரை ஏற்படும் நஷ்டத்தைச் சிறு உழவர் தாங்குவாரா? அதற்காகவே விதையில் இந்தப் பாக்டீரியாவைப் பூசி விதைத்துப் பார்த்தார்கள். சில வயல்களில் நல்ல பலன் கிடைத்தது. சில வயல்களில் ஒன்றும் நடக்கவில்லை. புதிய மண்ணில் குடியேறுவது அதற்கும் எளிதாக இல்லை.