மாயக் கதையும் மாணவர் வழக்கும்

மாயக் கதைகளைப் படிக்கும் இளைஞர் அவற்றைப் பற்றித் தம்முள் வழக்காடுவது நன்றோ எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். நன்றே என்பது என் துணிபு.

1947ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வை நேயர்கள் பலர் அறிவீர்கள். விக்கிரமாதித்தன் தோளில் வரும் வேதாளம் ஒரு கதை கூறி, முடிவில் ஒரு வினா எழுப்பும். விடை தெரிந்தும் மௌனம் சாதித்தால் மன்னனின் தலை வெடித்துவிடும். அவன் வாய் திறக்குமுன்னரே சிறுவர் தம் தீர்ப்பைக் கூறலாம். அண்ணன் ஒன்று சொல்ல, தங்கை மறுக்கலாம். அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை, அம்முறை பழுதுபடவில்லை.

1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹாரி பாட்டர் கதையிலும் இதுவே நிகழ்ந்தது. ஸ்னேப் என்னும் ஆசிரியர் நல்லவரா, வஞ்சகரா? இறுதி நூல் வரும்வரை உலகெங்கும் இளைஞர் வாதிட்டனர். கடுஞ்சொல்லைக் கொண்டு ஒருவர் உள்ளத்தை அளக்கலாகாது என்பதை அக்கதை அவர்களுக்கு உணர்த்திற்று.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மாயம் புதிதன்று. தாய் வழிபடும்பொருட்டு இராவணன் கோணமலையையே பெயர்க்க முயன்றான் என்று கேட்டு வளர்கின்றனர். இராவணன் வெட்டை நேரிலும் காண்கின்றனர். வாளால் பாறை பிளக்குமா என்பது ஒரு வினா. தாய்மீது கொண்ட அன்பு அச்செயலை முறையாக்குமா என்பது மற்றொன்று. பின்னதே சிந்தையை வளர்ப்பது.

ஆகவே, பிள்ளை நூலை மூடியதும், "பொய்க்கதைதானே" என்று தள்ளிவிடாதீர்கள். "நீ அங்கிருந்தால் என்ன தீர்ப்பளிப்பாய்?" என்று கேளுங்கள். காரணம் காட்டிப் பேசவும், மறுப்பவர் சொல்லைப் பொறுமையுடன் கேட்கவும் பிள்ளை பழகும்.