தொழில் கணக்கு – 6: முகூர்த்த நாளுக்கு வெளியே ஆகும் செலவு

கல்யாண ஸ்டூடியோவின் கட்டணம் நாள் கணக்கில் பேசப்படுகிறது. நிச்சயதார்த்தத்துக்கு இவ்வளவு, ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் இவ்வளவு, ஆல்பம் தனி. கேமரா விலை, உதவியாள் கூலி, வண்டி வாடகை எல்லாம் பேசும்போதே மனதில் இருக்கும். கையைக் கடிப்பவை இவை அல்ல. நிகழ்ச்சி நாளுக்கு வெளியே, ரசீதே இல்லாமல் ஆகும் செலவுகளில்தான் லாபம் கரைகிறது.

முதலாவது தேய்மானம். டிஎஸ்எல்ஆர் கேமராவின் வயது வருடத்தில் அல்ல, கிளிக்கில் எண்ணப்படுகிறது. கேனான் 5டி மார்க் 4 கேமராவின் ஷட்டர் 1.5 லட்சம் கிளிக் வரையும், நிக்கான் டி850 கேமராவின் ஷட்டர் 2 லட்சம் வரையும் சோதிக்கப்பட்டவை என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால் 1.5 லட்சம் என்பது 50 கல்யாணம். பாடியின் விலையும் 1.5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிளிக்குக்கு ஒரு ரூபாய். ஒரே போஸை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பத்து முறை எடுப்பதற்கும் அதே விலைதான். ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அது முகூர்த்த நாளில்தான் மக்கர் செய்யும், மற்ற நாளில் அதற்கு வேலையே இல்லையே. அதனால் இரண்டாவது பாடி ஒன்றையும் வாங்கிச் சும்மா வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மிரர்லெஸ் கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு இந்தத் தேய்மானம் கிடையாது. பல மாடல்களில் அதைப் போட்டால் மண்டபத்து எல்இடி விளக்கில் படம் கோடு கோடாக விழும்.

பழுதாகாத பொருளும் மதிப்பிழக்கும். நிக்கானின் எஃப் மவுன்ட் 1959இலும் கேனானின் இஎஃப் மவுன்ட் 1987இலும் வந்தவை. 2018இல் இரு நிறுவனங்களும் மிரர்லெஸுக்கென்று புது மவுன்ட் கொண்டுவந்தன. பழைய லென்ஸை அடாப்டர் வைத்துப் பொருத்தலாம் என்றாலும், உள்ளே மோட்டார் இல்லாத நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அந்த நிறுவனத்தின் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் தொல்லை வேறு.

சேமிப்புச் செலவு இதைவிடச் சத்தமில்லாமல் ஏறும். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் ஒன்று ஏறத்தாழ 25 எம்பி. 3,000 படங்களுக்கு 75 ஜிபி. வீடியோதான் பகாசுரன். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் எடுக்கும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா ஐந்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியாது என்பதால் இரண்டு பிரதி. ஆக, கல்யாணத்துக்கு ஒரு டெராபைட். எத்தனை மாதம் வைத்திருப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதாத ஸ்டூடியோ, காலம் முழுக்க இலவசக் காப்பகம் நடத்த வேண்டிவரும். ஃபைல் தொலைந்தாலோ 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடர இடமுண்டு.

எடிட்டிங் மென்பொருளும் ஒரு காலத்தில் ஒரே முறை வாங்கும் பொருளாக இருந்தது. அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியபின், அது கடை வாடகையைப் போல நிற்காமல் ஓடும் செலவாகிவிட்டது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ஆல்பத்தில் முடங்கும் பணம். ஆல்பத்துக்கான படங்களைக் குடும்பத்தார் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். கல்யாணத்துக்கு முன் தினமும் போன் செய்தவர்கள், மறுவீடும் விருந்தும் முடிந்தபின் பென் டிரைவைத் திறப்பதே இல்லை. பேலன்ஸ் தொகை ஆல்பம் கொடுக்கும்போதுதான் கைக்கு வரும்; ஆனால் அச்சடிக்கும் லேபுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். ஆல்பம் வந்தபிறகு “பெரியப்பா நிக்கிற படம் ஒண்ணுகூட இல்லையே தம்பி” என்று ஒரு குரல் எழும். ஒட்டிக் கட்டிய ஆல்பத்தில் ஒரு தாளை மட்டும் உருவி மாற்ற முடியாது. வேறு ஆல்பம் அடிக்க வேண்டும், அல்லது பெரியப்பா படத்தை ஃப்ரேம் போட்டுக் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டும். டிசைன் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைத்திருந்தாலும் உறவுக்காரர்களிடம் அந்தக் காகிதம் எடுபடுவதில்லை.

வரியில் சறுக்குபவர்களும் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இந்தச் சேவைக்கு வரி 18 சதவீதம். ‘எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்’ என்று பேசிவிட்டால் அதற்குள் 15,254 ரூபாய் வரி. ட்ரோன் பறக்கவிடுவதற்கும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் உண்டு. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பேக்கேஜில் ‘ட்ரோன் இலவசம்’ என்று போடுபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பது அபூர்வம்.

கடைசியாக, காலண்டர். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. வாடகை, சம்பளம், கேமராவுக்கு வாங்கிய கடனின் தவணை ஆகியவற்றுக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. நல்ல முகூர்த்தத்தில் ஒரே நாளில் மூன்று கல்யாணம் விழும். வெளி ஆட்களை அழைத்தால் அன்றைக்கென்று கூலியை ஏற்றிக் கேட்பார்கள். ஆகவே ஆண்டின் நிலையான செலவைப் 12 மாதத்தால் வகுத்துப் பயனில்லை, உண்மையில் கிடைக்கும் கல்யாணங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். குலதெய்வக் கோயில் காதுகுத்தும் பாஸ்போர்ட் சைஸ் படமும் ஆடி மாத வாடகையை ஓரளவு தாங்கும். கேமரா தவணையைத் தாங்காது.

(தொடரும்)